இடப்பக்கத்து பிரேக்

என்னுடைய பழைய காரில் இரண்டு பிரேக்குகள் இருந்தன. ஒன்று, கார் செய்தவர்கள் வைத்தது. அது என் காலடியில் இருந்தது. பெரும்பாலும் வேலை செய்தது. இன்னொன்று, இடப்பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வந்த அக்கா வைத்தது. அதற்குப் பெடல் கிடையாது, ஆயில் கிடையாது, கேபிள் கிடையாது. தரையில் கிடந்த ரப்பர் மேட்தான் எல்லாம். அக்கா ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, வலது காலைச் சற்று முன்னால் நீட்டி அந்த மேட்டின்மேல் வைப்பார். அலுவலகம் வந்து இறங்கும்வரை அந்தக் கால் சும்மா இருக்காது. எதிரே ஸ்கூட்டர் வந்தால் ஒரு மிதி. நாய் வந்தால் ஒரு மிதி. நாய் வரக்கூடும் என்று தோன்றினால் அரை மிதி. நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று தோன்றினால் அதற்கும் ஒரு மிதி. இவன் இப்படியே தொடரமாட்டான் என்கிற முன்யோசனை.

மேட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்:

"அக்கா, உங்க பக்கத்து பிரேக் தேஞ்சு போச்சு. கப்பல்ல சாமான் வந்ததும் புதுசு மாத்திரணும்."

"மாத்துங்க தம்பி. ஒங்க பக்கத்துல உள்ளதையும் சேத்து மாத்துங்க. அது சும்மாதானே கெடக்கு."

அன்று துறைமுகத்து வார்ஃப் கேட் வரைக்கும் என் பக்கத்துப் பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாகவே மிதித்தேன்.

அக்காவும் நானும் ஒரே அலுவலகம். எங்கள் தீவின் ஹேடோ குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மாடி, அவருக்குக் கீழ்வீடு. தனியாக இருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வந்து இறங்கியவர்கள். அக்கா பிறந்தது அங்கே. அதனால் அவர் பேச்சில் ஒரு பக்கம் முடியாது என்பதற்கு 'ஏலாது' வரும், மறுபக்கம் சரி என்பதற்கு இந்தியில் 'டீக் ஹை' வரும், நடுவில் எங்கள் எல்லாரையும்போலக் கொஞ்சம் ஆபீஸ் இங்கிலீஷும் வரும். பஸ்ஸில் இடிபட்டுப் போய்க்கொண்டிருந்தவரை என் காரில் ஏற்றிவிட்டது என் மனைவி. இரக்கப்பட்டுச் செய்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க தனியா ஓட்டிட்டுப் போனா எனக்கு வேலையே ஓடல. பக்கத்துல பெரிய மனுஷி ஒருத்தங்க இருந்தா நிம்மதியா இருக்கும்" என்று பிறகு ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்குக் காது ரொம்ப நல்ல காது, மனசுதான் கோழிக்குஞ்சு. கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் அந்தக் காரை வாங்கும்போதே அது பல கை மாறியிருந்தது. கடல் காற்றில் நின்று நின்று கதவின் கீழ் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம். நாலு சக்கரமும் ஆளுக்கொரு ராகம் பாடும்; நான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பயப்படுவேன். 'ஊம்ம்' என்றால் பேரிங் போச்சு. 'டொக்' என்றால் சக்கரம் கழன்று எனக்கு முன்னால் உருண்டு ஓடி, வார்ஃபில் நிற்கிற கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஏறிவிடப்போகிறது. 'கீச்' என்று ஒரு சத்தம் வந்ததே, அது பின்ஸீட்டுக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்த என் மகளின் ரப்பர் வாத்து என்று தெரிவதற்குள் முன்சக்கரம் இரண்டையும் கழற்றவைத்துவிட்டேன்.

பயம் வந்ததும் நான் செய்கிற முதல் வைத்தியம், பாட்டைச் சத்தமாக வைப்பது. அக்கா கையை நீட்டி அதை அணைப்பார். கண்ணாடியை ஏற்றச் சொல்வார். பிறகு விசாரணை தொடங்கும்.

"எப்ப வருது?"

"எப்பவுமே வருதுக்கா."

"பொய். வண்டி நிக்கிறப்ப வருதா?"

"இல்ல."

"அப்ப எப்பவும் இல்ல. வேகம் போனா கூடுதா? வளைவுல கூடுதா? மிதிச்சா மாறுதா?"

"பயமா இருக்குக்கா. அதுல எத்தனை வகைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மொத்தமா வெச்சுக்கிட்டா தூக்க ஏலாது தம்பி. பிரிச்சுப் பிரிச்சு வைங்க."

பிரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு பெரிய பயம் நாலு சின்னப் பயமாக ஆயிற்று. ஆனாலும் இப்படிக் கேட்டுக் கேட்டே, இடது வளைவில் மட்டும் அந்த 'ஊம்ம்' கூடுகிறது, ஆகையால் வலது சக்கரத்தில் பாரம் விழும்போதுதான் வருகிறது என்று ஒருமுறை கண்டுபிடித்தோம். பேரிங்தான் போயிருந்தது. கண்டுபிடித்தவர் என்று நான் ஆபீஸ் முழுக்க அக்காவைப் புகழ்ந்தபோது அவர் கூச்சமே படவில்லை. "ஆமா, நாந்தான்" என்றார். "ஆனா எனக்கு வண்டி தெரியாது. வண்டி நிக்கிறது மட்டுந்தான் தெரியும்."

ஏன் அப்படி மிதிக்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறுவேறு பதில் சொல்லிவைத்திருந்தார். என்னிடம், கால் மரத்துப்போகுது என்றார். என் மனைவியிடம், சின்ன வயதில் தையல் மெஷின் மிதித்த பழக்கம் என்றாராம். பியூனிடம், "அவரு மிதிக்க மறந்துட்டா?" என்றாராம். எல்லாமே உண்மையாக இருக்கலாம். கார் என்றில்லை, அசைகிற எதைக் கண்டாலும் அக்காவின் கால் தயாராகிவிடும். எங்கள் அதிகாரி கையில் ஃபைலோடு வேகமாக வந்தால் மேசைக்கு அடியில் ஒரு மிதி விழும். அவரும் நடையைக் குறைத்துக்கொள்வார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஆபீஸ் வேலையாக நாங்கள் கொஞ்சம் பேர் ஹட் பே என்கிற ஊருக்குக் கப்பலில் போனோம். கப்பல் ஜெட்டியை நெருங்குகிற நேரம். எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நெரிக்கிறார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, டெக்கின் இரும்புத் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருக்கிறார். கயிறு வீச நின்ற கலாசி பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஆன்ட்டி, ஜஹாஜ் மே பிரேக் நஹீ ஹோதா!" கப்பலுக்கு ஏது பிரேக் என்கிறான்.

"இஸீலியே தோ தபா ரஹீ ஹூ" என்றார் அக்கா. அதனால்தான் மிதிக்கிறேன்.

கப்பல் நின்றது. அக்கா கலாசியை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா, நின்றதா இல்லையா?

இந்தக் காலை நான் கிண்டல் செய்ததெல்லாம் உண்டு. ஆனால் கொஞ்ச நாள் போனதும் எனக்கே அதுதான் அளவு. வார்ஃப் கேட்டுக்கு முன்னால் ஓர் இறக்கம். சரக்கு லாரிகள் கேட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வரும் என்பதால் அங்கே நின்றுதான் போகவேண்டும். சாலைக்குக் குறுக்கே ஒரு சாக்கடை. அதன்மேல் இரும்புக் கம்பி மூடி; அதைத்தான் ஜாலி என்போம். இறக்கத்தின் பாதியில் நிற்கிற படாக் மரம் தாண்டியதும் அக்காவின் கால் இறங்கும், என் காலும் இறங்கும், கார் ஜாலிக்கு முன்னால் நிற்கும். தினமும் அப்படித்தான்.

ஒரே ஒருமுறை, "தம்பி, வண்டி தள்ளிப்போய் நிக்குது" என்றார். நான் அலறிப் புடைத்துக்கொண்டு வண்டியைத் தாதாவிடம் கொண்டுபோனேன். தாதா என்றால் எங்கள் மெக்கானிக், வங்காளி. அவன் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்று மாட்டினான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்காவின் காலைப் பார்த்தேன். கட்டைபோலத் தடித்த அடியுள்ள புதுச் செருப்பு. தரை அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது; வண்டி தள்ளிப்போகிறதாகத் தோன்றியிருக்கிறது.

"செருப்பச் சொல்லுங்க. என்னச் சொல்லாதீங்க" என்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் அக்காவிடம் கிடையாது.

அந்த வருஷம் நாங்கள் குடும்பத்தோடு மெயின்லேண்டுக்குப் போனோம். இந்தத் தீவில் காரை விட்டுவிட்டுக் கப்பலேறுகிறவர்களுக்கு எல்லாரும் சொல்கிற ஒரு சொல் உண்டு: கியரில் போடு, சக்கரத்துக்குச் செங்கல் வை, ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுக்காதே. உப்புக் காற்று பட்டு உள்ளே துரு ஏறி, பிரேக் கட்டை சக்கரத்துக்குள் இருக்கிற இரும்பு டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் சொன்னார்கள். நானும் மண்டையை ஆட்டினேன். ஆனால் கப்பல் புறப்படுகிற அன்று காலையில் குவார்ட்டர்ஸ் சரிவைப் பார்த்ததும் எனக்கு ஒரு காட்சி தோன்றியது: நான் நடுக்கடலில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், கார் மெல்ல உருண்டு எனக்குப் பின்னாலேயே கடலில் வந்துகொண்டிருக்கிறது. கியரில் போட்டேன். செங்கல் வைத்தேன். ஹேண்ட்பிரேக்கையும் இரண்டு கையாலும் இழுத்தேன். இழுத்ததோடு விடாமல் ஒரு குத்தும் விட்டேன்.

திரும்பும்போது கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். விடுமுறை நீண்டது. வந்து சேர்ந்து, சாவியைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, காலை அழுத்தினால் வண்டி குதிரைபோல் பின்னால் குந்திக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. இன்னும் அழுத்தினேன். 'டமார்' என்றது. மேல்மாடி ஜன்னலெல்லாம் திறந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. அதோடு பின்னாலிருந்து ஒரு சத்தமும் கூடவே வந்தது: கர்ர்க், கர்ர்க், டொக்.

அக்கா ஏறினார். பாட்டை அணைத்தார். "வேகம் கூடினா கூடுதா?"

"கூடுதுக்கா."

"மிதிச்சா?"

"மாறுது. கொஞ்சம் கனமா கேக்குது."

"பின்னாடி. என் பக்கம். தாதாகிட்டப் போங்க."

போனோம். ஷெட்டில் கூட்டம். தாதா சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். சுற்றியது. "ஜங் லகா தா சாப். சூட் கயா. சலாதே ரஹோ, டீக் ஹோ ஜாயேகா" என்றான். துரு பிடித்திருந்தது, விட்டுவிட்டது, ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும். டிரம்மைக் கழற்றவில்லை. கழற்று என்று நானும் சொல்லவில்லை; எனக்கு நல்ல செய்தி கிடைத்தால் கேள்வி கேட்கிற பழக்கம் இல்லை.

ஆச்சரியம் பாருங்கள், சில நாளில் அந்தச் சத்தம் நின்றுபோனது. என் கார் அவ்வளவு அமைதியாக ஓடியதே கிடையாது. நான் ஆபீசுக்கு ஸ்வீட் வாங்கிப்போனேன். அப்போதுதான் என் மகளுக்கு லைசென்ஸும் வந்திருந்தது. வருகிற திங்கள்கிழமையிலிருந்து அவளே ஓட்டிக்கொண்டு, எங்களை ஆபீசில் இறக்கிவிட்டு, காலேஜுக்குப் போவதாக ஏற்பாடு. அவள் தோழிகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. அவள் ஓட்டுகிற அன்றைக்கு வண்டி சத்தம் போடாமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல், அது பலித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இறக்கத்தில் நின்றோம். அக்கா ஜன்னல் வழியாகக் குனிந்து கீழே பார்த்தார்.

"தம்பி. ஜாலி மேல நிக்கிறோம்."

"இருக்கட்டுமேக்கா. ஜாலி தாங்கும்."

"தெனம் முன்னாடி நிப்போம். மூணு நாளா என் காலு முந்திருது. வண்டி பொறவுதான் வருது."

"சத்தமே இல்லையேக்கா!"

"அதான் சொல்றேன். சத்தம் போயிருச்சு. எங்க போச்சு?"

நான் சட்டென்று அவர் காலைப் பார்த்தேன். "செருப்பு மாத்தியிருக்கீங்களா?"

பழைய செருப்புதான். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான். எனக்கு வந்தது கோபமா பயமா என்று கேட்காதீர்கள். என் உடம்பில் இரண்டுக்கும் ஒரே குழாய்.

"அக்கா, உங்க காலுக்குக் கீழ பிரேக்கே கிடையாது. மேட்தான் இருக்கு. மேட் சொல்றத வெச்சுக்கிட்டு நான் வண்டியப் பிரிக்கணுமா?"

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அக்கா டிபன் பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கி நடந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் பஸ்ஸில்தான் வந்தார்.

ஆனால் வந்தவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாடியேறி எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவேயில்லை. என் மகளைப் பார்த்துச் சொன்னார்:

"தாயி, திங்கக்கெழம நீ அந்த வண்டிய எடுக்காத."

"ஏன் அத்தை?"

"பிரேக்கு சரியில்ல."

"அப்பா, சொன்னீங்களே, காடி டீக் ஹைன்னு!" என்று மகள் என்மேல் பாய்ந்தாள். பிறகு அவர்மேல். "அத்தை, உங்களுக்கு எல்லா வண்டியிலயும் பயம். நான் ஓட்டக் கூடாதுன்னா நேரா சொல்லுங்க."

"பயந்தான். இல்லங்கல. ஒங்கப்பா ஓட்டறப்ப நான் ஏறி ஒக்காந்தேன்ல? பயத்துக்காக ஏறாம இருந்தேனா? இது வேற. ஒன் கையில இந்த வண்டியக் குடுக்க ஏலாது."

"யாரு வண்டி? உங்க வண்டியா?" என்று கேட்டுவிட்டாள். என் மனைவி "ஏய்!" என்றாள்.

அக்கா அசரவில்லை. "வண்டி ஒங்களோடது. பிள்ள எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு எல்லாரும் சீக்கிரமே படுத்துக்கொண்டோம். எனக்குள் மட்டும் பெரிய கூட்டமே நடந்தது. அக்காவின் பேச்சைக் கேட்டுப் பிரித்து, மறுபடியும் செருப்பு விவகாரமாகிவிட்டால் மகள் என்னை மன்னிக்கமாட்டாள்; வண்டியும் கிடைக்காது, மானமும் போகும். கேட்காமல் விட்டு, அந்த இறக்கத்தில்... அதற்கு மேல் யோசிக்க என் கோழிக்குஞ்சுக்குத் தெம்பில்லை. காலையில் கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, தாதாகிட்டப் போலாமா?"

"செருப்ப மாட்டிக்கிட்டு வரவா, மாட்டாம வரவா?"

செருப்பில்லாமல்தான் வந்தார். மகளும் ஏறிக்கொண்டாள்; ஷெட் வரைக்கும் நான் ஓட்டினேன். அங்கிருந்து தாதாவையே ஓட்டச் சொன்னார் அக்கா; நானும் மகளும் பின்ஸீட்டில். அவன் என்னைப் பார்த்தான். நான் வெளியே வேடிக்கை பார்த்தேன். இறக்கத்துக்கு வந்தோம். படாக் மரம் தாண்டியது.

"அபீ" என்றார் அக்கா, காலை இறக்கியபடி. இப்போது.

தாதா மிதித்தான். வண்டி நின்றது. ஜாலிமேல்.

"டீக் தோ ஹை, தீதி" என்றான். சரியாகத்தானே இருக்கிறது, அக்கா.

"ஃபிர் ஸே."

மறுபடியும் மேலே போய் இறங்கினோம். அபீ. ஜாலிமேல். மகள் என் கையைக் கிள்ளினாள். மூன்றாவது தடவை தாதா வண்டியை நிறுத்திவிட்டு, இறக்கத்திலேயே ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பெடலிலிருந்து காலை எடுத்தான். வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு மெல்ல முன்னால் நகர்ந்தது. அக்கா மேட்டை மிதித்தார்; தாதா பிரேக்கை மிதித்தான். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி ஆனது. அவன் மறுபடியும் காலால் பெடலை அழுத்தி அழுத்திப் பார்த்தான். "நீச்சே ஜா ரஹா ஹை" என்று தனக்குள் முனகினான். பெடல் முன்பைவிடக் கீழே போகிறது.

ஷெட்டில் இடப்பக்கத்துப் பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி இழுத்தான். வந்தது. அதோடு வளைந்த கறுப்புத் துண்டு ஒன்று இரண்டாக உடைந்து தரையில் விழுந்தது. பிரேக் கட்டையின்மேல் ஒட்டியிருக்கவேண்டிய பட்டை. நான் 'டமார்' என்று வண்டியை நகர்த்திய அன்றே, டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்த அது கட்டையை விட்டுப் பிய்ந்து வந்திருக்கிறது. கொஞ்ச நாள் உள்ளேயே உருண்டு சத்தம் போட்டது. பிறகு ஓர் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. வெறும் இரும்புக் கட்டை டிரம்மைத் தொடுவதற்காக வெளியே வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. தாதா அங்கே விரலை வைத்துக் காட்டினான். ரப்பர் உறைக்குள்ளே ஈரம். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கட்டையைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே விழுந்து, ஆயில் முழுக்கக் கொட்டி, பெடல் தரைவரைக்கும் போயிருக்குமாம்.

"கப்?" என்று கேட்டாள் மகள். எப்போது?

தாதா தோளைக் குலுக்கினான். "பதா நஹீ, பேட்டீ. கல். பர்ஸோ." தெரியாதம்மா. நாளைக்கு. நாளை மறுநாள்.

நாளை மறுநாள் திங்கள்கிழமை. நான் பக்கத்தில் கிடந்த டயரின்மேல் உட்கார்ந்தேன். அது காற்றில்லாத டயர், உள்ளே போய்விட்டேன். என்னை இழுத்துத் தூக்கியது மகளும் தாதாவும். அக்கா அந்தப் பட்டைத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா கத்திக்கிட்டு இருந்துச்சு? பாவம்" என்று கீழே போட்டார்.

புதுப் பட்டைகள் கப்பலில்தான் வரவேண்டும். வரும்வரை எல்லாரும் பஸ். மகள் முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பஸ்ஸில் அக்காவுக்கு இடம் பிடித்துவைத்தாள். எங்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான் வரும்.

கப்பல் வந்தது, பட்டை வந்தது, இரண்டு பக்கமும் மாற்றினான் தாதா. அக்கா இறக்கத்தில் சோதித்துப் பார்த்து, ஜாலிக்கு முன்னால் நின்றதும், "பஸ், டீக் ஹை" என்றார். போதும், சரியாக இருக்கிறது. மறுநாள் காலை மகள் ஓட்டுநர் ஸீட்டில் உட்கார்ந்தாள். நான் முன்னால் ஏறப்போனேன்.

"நீங்க எங்க ஏறுறீங்க?" என்றார் அக்கா.

"என் வண்டிக்கா."

"நீங்க வந்தா அவ ரோட்டப் பாப்பாளா, ஒங்க மூஞ்சியப் பாப்பாளா? பஸ்ஸுல வாங்க."

மகள் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் சிரிப்பை மறைத்தாள். சொந்தக் காரிலிருந்து என்னை இறக்கிவிட்டு இரண்டு பேரும் போனார்கள்.

பஸ்ஸில் நான் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவர்களைக் காணோம். ஐந்து நிமிஷம் ஆபீஸ் வாசலில் நின்றேன். பிறகு சாலைக்கு வந்தேன். பிறகு வார்ஃப் பக்கம் பாதி தூரம் ஓடினேன்; எதிரே வந்த அதிகாரி, "வாக்கிங்கா?" என்றார். "ஆமா சார், சுகர்" என்றேன். எனக்குச் சுகர் கிடையாது. ஆஸ்பத்திரி, போலீஸ், மனைவிக்கு என்ன பதில் சொல்வது, பேப்பரில் எந்தப் போட்டோ கொடுப்பது என்கிற வரைக்கும் போய்விட்டேன். அப்போது கார் வந்தது. நிதானமாக, ஒரு சத்தமும் இல்லாமல். இரண்டு பேரும் என்னத்துக்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் லேட்டு?"

"டீ குடிச்சோம்" என்றார் அக்கா.

"வண்டி?"

"என்ன வண்டிக்கு? நல்லாத்தான் இருக்கு" என்று இறங்கி உள்ளே போனார். அன்று முழுக்க நான் ராஜாபோல் இருந்தேன். கேண்டீனில் வடை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அக்காவுக்கு ஹட் பேவுக்கு மாற்றல் வந்தது. போனவர் அங்கேயே ஓய்வும் பெற்றார். எப்போதாவது போன் செய்தால், கடல் எப்படியிருக்கிறது என்பார். அந்தக் காரை விற்றாயிற்று. மகள் மெயின்லேண்டில் வேலை பார்க்கிறாள். சொந்தக் கார் வைத்திருக்கிறாள். போன மாதம் அவள் காரில் உட்கார்ந்தபடி என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ கேட்டது.

"என்னம்மா அது சத்தம்? பேரிங்கா?"

"அப்பா! வண்டி நிக்குது. ஏஸி ஓடுது."

"இல்லம்மா, டிக் டிக்னு..."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அன்னைக்கு நாங்க டீயெல்லாம் குடிக்கலப்பா" என்றாள்.

அன்றைக்கு இறக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே சக்கரத்திலிருந்து 'டிக் டிக்' என்று வந்திருக்கிறது. இவள் உடனே வேகத்தைக் குறைத்தாளாம். "அத்தை, சத்தம்" என்றிருக்கிறாள். "எனக்கும் கேக்குது. நிறுத்து" என்றாராம் அவர். இவளே ஓரமாக நிறுத்தி, இறங்கி, நாலு சக்கரத்தையும் தடவிப் பார்த்து, முன்டயரின் பள்ளத்தில் ஒரு கூழாங்கல் மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, ஹேர்பின்னால் நோண்டி எடுத்திருக்கிறாள். அக்கா ஸீட்டைவிட்டு இறங்கவேயில்லை. மறுபடி வண்டியை எடுத்து, பாட்டில்லாமல், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வேறு ஏதாவது கேட்கிறதா என்று அந்தத் தெருவையே இரண்டு தடவை சுற்றியிருக்கிறார்கள். அதுதான் தாமதம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அத்தைதான் வேணாம்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

மகள் அக்காவின் குரலிலேயே சொல்லிக்காட்டினாள்:

"அப்பாகிட்ட சொல்லிராத தாயி. ஒரு நாளாவது அவருக்குச் சத்தமில்லாம போகட்டும்."